கப்பல் கரையில் நின்ற மாதம்

இது நடந்தது. வெளிநாட்டில் நம் ஆட்களின் கடைத்தெருவான லாச்சப்பலில் மரக்கறிக் கடை வைத்திருக்கும் தோமாவுக்கு நடந்தது. சந்தேகமென்றால் கடைக்குப் போய்க் கேளுங்கள். ஏசுவார், மறுக்கமாட்டார்.

தோமாவுக்குச் செத்த ஒருவன்மேல் பொறாமை. மனைவி மரியகொறற்றிக்கு முதலில் பேசி நிச்சயித்திருந்த யூலியன், போர்க்காலத்தில் மன்னார்க் கடலுக்கு மீன்பிடிக்கப் போனவன், திரும்பவில்லை. ரோந்துக் கப்பல் ஒன்று இடித்ததாக, கப்பலின் பெயரோடு ஊரில் பேச்சு. ஒவ்வொரு ஓகஸ்ட் பதினாலும் அவனுக்காகப் பூசை ஒப்புக்கொடுப்பாள். இருபத்தெட்டு வருடமாக! உயிரோடு இருக்கிற புருசனுக்கு ஒரு மெழுகுதிரி கொளுத்தியிருப்பாளா? 

போன யூலையில் அந்தக் கப்பலின் சேவை வரலாறு இணையத்தில் அகப்பட்டது. பழைய மாலுமி ஒருவர் எழுதியது. கட்டிய ஆண்டு, நின்ற துறைகள், எல்லாம் திகதி திகதியாக. யூலியன் போன வருடம், ஓகஸ்ட் 3 முதல் 27 வரை திருத்த வேலை. கரையில்! பதினாலாம் திகதி கடலில் எப்படி இடிக்கும்? தோமா அதற்குமேல் வாசிக்கவில்லை.

“உன்ர யூலியன் சாகேல்லை. உன்னை விட்டிட்டு ஓடியிட்டான்.”

 அந்த முறை மரியகொறற்றி பூசைக்குப் பேர் கொடுக்கவில்லை. தோமாவுக்கு அப்படியொரு சந்தோசம்.

ஓகஸ்ட் 14. பிற்பகல் 3.10. வெங்காய மூட்டை எடுக்கக் கடையின் நிலவறைக்குள் இறங்கினார்.

டுக்... டுக்... டுக்...

படகு எஞ்சின் சத்தம். சுவருக்குள்ளிருந்து.

3.12. விளக்கு அணைந்தது.

ஈர விரல்கள் அவருடைய இடது கையைப் பிடித்தன. கலியாண மோதிரத்தைத் திருகின. சவர்க்காரம் போட்டும் கழலாத மோதிரம்...

கழன்றது.

வெளிச்சம் வந்தபோது ஒருவரும் இல்லை. மோதிரமும் இல்லை.

கடையைப் பூட்டிவிட்டு புறநகரான வில்லியே லே பெல்லில் இருக்கும் வீட்டுக்கு ஓடினார். நடந்ததைச் சொன்னார். மரியகொறற்றி அவருடைய விரலையே பார்த்தாள்.

“பதினாலு அவர் கடலுக்குப் போன நாளில்லையப்பா. இனி வரமாட்டாரெண்டு ஃபாதரிட்டைப் பேர் குடுத்து முதல் பூசை வைச்ச நாள். அவர் போனது ரெண்டாம் திகதி.”

‘அவர்’ என்றது அந்தப் பயத்திலும் தோமாவுக்குச் சுட்டது. கைபேசியை எடுத்து மிச்சத்தை வாசித்தார்.

திருத்தக் காரணம்: புரொப்பெல்லரில் மீன்வலை சிக்கியது. வலைக்குள் ஓர் ஆணின் இடது கை.

“விரலிலை மோதிரம் கிடந்ததெண்டு எழுதியிருக்கோ?”

“இல்லை.”

“இருந்திராது,” என்றாள் மரியகொறற்றி. “அவருக்கும் எனக்கும் கலியாணத்துக்கு இன்னும் நாலு நாள் கிடந்தது.”