அமைதி அறையின் எலிக்குட்டிகள்

என் அக்காவை வேலை செய்யும் இடத்தில் எல்லோரும் ‘எலியம்மா’ என்றுதான் கூப்பிடுவார்கள். ஆராய்ச்சிக்கூடத்தில் எலிகளைப் பராமரிப்பது அவள் வேலை. அதே கட்டடத்தில் கண்ணாடிச் சாமான்களைக் கழுவித் துடைப்பது என் வேலை. மகள் கல்யாணமாகித் தொலைதூரம் போன பிறகு, வீட்டில் ஒரு பூனை, வேலையில் அந்த எலிக்குட்டிகள், இவ்வளவுதான் அவள் உலகம். பூனைக்குப் பெயர் மாப்பிள்ளை. விழுந்து விழுந்து உபசரித்தாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகும் பிராணிக்கு வேறென்ன பெயர் வைப்பது? அவளுடைய ஸ்வெட்டர்தான் அதற்கு மெத்தை.

குட்டிகளின் எலும்பு வளர்ச்சியைப் பயம் என்ன செய்கிறது என்பதுதான் அங்கே நடந்த ஆராய்ச்சி. ஓர் அறையில் திடீர் திடீரென்று மணியடித்து, கூண்டை ஆட்டிக் குட்டிகளை மிரட்டுவார்கள். பக்கத்து அறைக்கு அமைதி அறை என்று பெயர். அங்கே ஒரு தொந்தரவும் கூடாது. கடைசியில் இரண்டு அறைக் குட்டிகளின் தொடையெலும்பையும் எக்ஸ்ரே படம் எடுத்து ஒப்பிட வேண்டும்.

மிரட்டும் அறைக்கு அக்கா மேலங்கியை மாட்டிக்கொண்டு போவாள், தீனியைப் போட்டுவிட்டு ஓடி வந்துவிடுவாள். பார்க்க வயிறு எரியுமாம். அமைதி அறையில் மட்டும் அந்த மேலங்கியைக் கழற்றி வாசலிலேயே மாட்டிவிடுவாள். அது பிளாஸ்டிக் துணி, நடந்தால் சரசரவென்று கேட்கும். குழந்தைகள் பயந்துவிடக் கூடாதாம்! யாரும் சொல்லித்தரவில்லை, அவளே யோசித்துச் செய்தது. ஸ்வெட்டரோடு உட்கார்ந்து ஒவ்வொன்றாக மடியில் போட்டுத் தடவிக்கொடுப்பாள். “எப்படி சமத்தா அசையாம படுத்திருக்கு பாரேன்” என்று என்னிடம் பெருமையடிப்பாள். நானும் ஆமாம் போடுவேன்.

படம் வந்த அன்று டாக்டரம்மா எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டார். ஆராய்ச்சியை நடத்துபவர் அவர்தான்.

“எலியம்மா, கூண்டு எதையாவது மாத்தி வச்சுட்டீங்களா? உண்மையைச் சொல்லுங்க.”

எனக்குச் சுர்ரென்று ஏறியது. “எங்கக்கா என்ன கண்ணு தெரியாதவளா?” என்றேன். அவர் படத்தைக் காட்டினார். அமைதி அறைக் குட்டிகளின் எலும்புதான் மற்றதைவிடக் குட்டையாக, மெலிந்து கிடந்தது. அக்கா முகத்தில் ஈயாடவில்லை.

“நீங்க தினமும் என்ன செய்வீங்களோ, அதை அப்படியே இப்ப செஞ்சு காட்டுங்க” என்றார் டாக்டரம்மா. காரணம் தெரியாவிட்டால் அவளைச் சாமான் கிடங்குக்கு மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை என்றும் சொன்னார்.

அமைதி அறை வாசலில் அக்கா மேலங்கியைக் கழற்றினாள். டாக்டரம்மா அவள் ஸ்வெட்டரிலிருந்து ஒரு வெள்ளை முடியை எடுத்தார்.

“இது யார் முடி?”

“மாப்பிள்ளையோடது.”

“பூனைங்க டாக்டரம்மா” என்றேன் நான்.

அவர் அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டார். பிறகு மெதுவாகத்தான் சொன்னார். பூனையைப் பிறந்ததிலிருந்து பார்க்காத எலிக்கும் அதன் வாசம் பட்டால் போதும், உடம்பில் பயத்துக்கான ஹார்மோன் ஏறிவிடுமாம். உயிர் பிழைப்பதுதான் முதலில், வளர்வதைப் பிறகு பார்க்கலாம் என்று உடம்பு எலும்பு வேலையை ஒத்திப்போட்டுவிடுமாம். தினமும் அப்படியே நடந்தால் வளர்ச்சி நின்றுபோகும்.

“அப்போ மடியில படுத்திருந்தது?” என்றாள் அக்கா.

“பயத்துல விறைச்சுப் போயிருக்கும், எலியம்மா.”

அட கடவுளே! எனக்கே தூக்கிவாரிப் போட்டது, அவளுக்கு எப்படி இருந்திருக்கும்? பேயறைந்தவள் மாதிரி தன் உள்ளங்கைகளையே பார்த்துக்கொண்டு நின்றாள். மிரட்டுகிறவர்களைத் திட்டித் தீர்த்தவள் அவள். அவர்களாவது மணியடித்துவிட்டுப் போய்விடுவார்கள். இவள் மடியில் வைத்துக்கொண்டல்லவா இருந்திருக்கிறாள்!

டாக்டரம்மா நல்லவர். ஒரு வாய்ப்புக் கொடுத்தார். கூடத்திலேயே குளித்து, அங்கேயே துவைத்த உடையைப் போட்டுக்கொண்டு உள்ளே போகட்டும். குட்டிகள் இன்னும் மிரண்டால் கிடங்குதான். மிரளாவிட்டால் அவளே வளர்க்கலாம், இளம் எலும்பு கொஞ்சமாவது தேறும் என்றார்.

அக்கா குளித்து உடை மாற்றி, சரசரக்கும் மேலங்கியோடு உள்ளே போனாள். நான் கண்ணாடிக் கதவுக்கு வெளியே கையைப் பிசைந்துகொண்டு நின்றேன். கூண்டைத் திறந்து கையை நீட்டினாள். இருப்பதிலேயே சின்னக் குட்டி மூக்கை ஆட்டிக்கொண்டு வந்தது. விரலை முகர்ந்தது, கடித்தது, முழங்கைவரை ஓடி ஏறியது, கழுத்துப் பக்கம் புகுந்து துள்ளியது. அந்தக் குட்டி ஓடி நான் பார்த்ததே இல்லை. வேலை பிழைத்தது என்று எனக்குக் கைதட்டவே தோன்றியது.

வெளியே வந்த அக்கா என் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

“என்னை யாரோ புது ஆளுன்னு நினைச்சுக்கிச்சுடி” என்றாள். “அதான் பக்கத்துல வந்துச்சு.”