ஓடையை விழுங்கிய புள்ளி

2024 மே 9, வியாழக்கிழமை, காலை பத்தே முக்கால். மேலே போடிமெட்டு மலைப் பக்கம் மட்டும் மேகம். கீழே என் தென்னந்தோப்பில் அனல். நூற்று நாற்பது மரங்களில் முப்பத்தொன்று பட்டுப்போயிருந்தன.

செயற்கைக்கோள் படங்களை வைத்து நீர்வளத்தை ஆராயும் பெண் ஒருவர், வறண்ட என் கிணற்றைப் பார்க்க வந்திருந்தார். நான்கு கோடைகளின் படங்களைத் திரையில் காட்டினார்.

"ஐயா, மலையில இந்தக் கறுப்புப் புள்ளி ஒரு குட்டை. ஓடையை மறிச்சு வெட்டியிருக்காங்க. இது வந்த வருஷத்துல இருந்து கீழே உங்க ஓடையையே காணோம். யார் தோட்டம் இது?"

என் மாப்பிள்ளையின் ஏலத்தோட்டம். உள்ளங்கையில் தேங்காயை வைத்து நீரோட்டம் பார்த்து, அது நிமிர்ந்த இடத்திலெல்லாம் என்னை மூன்று போர்வெல் போடவைத்தவரே அவர்தான். மூன்றிலும் புழுதிதான் பறந்தது.

"தெரியலையேம்மா" என்றேன்.

மாலையில் மாப்பிள்ளை தேங்காயோடு வந்தார். "இன்னொரு இடம் பாத்துருவோமா மாமா? வெரசா போட்டுட்டா மிச்ச மரமாவது தப்பிக்கும்."

பின்னால் என் மகள் தலைகுனிந்து நின்றாள். குட்டை விஷயம் அவளுக்கும் தெரிந்திருக்கிறது. அவள் அந்த வீட்டில்தான் வாழ வேண்டும்.

"பாருங்க மாப்ளே" என்றேன். அவரைவிட, அதைச் சொன்ன என் வாயின் மேல்தான் இன்றுவரை அருவருப்பு. நான்காவது போர்வெல்லிலும் புழுதிதான். செலவு ஒரு லட்சத்து எழுபத்திரண்டாயிரத்து நானூறு ரூபாய்.