சின்ன டப்பாவுக்குள் இருந்த டோக்கன்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி ஸ்டோரில் வேலை பார்த்தேன். தையல் நூல் வாங்கும்போது நூல் சுற்றிய கோனின் விலையை நம்ப மாட்டேன். மீட்டருக்கு என்ன விழுகிறது என்றுதான் பார்ப்பேன். சொந்த வீட்டுக்குப் பெயிண்ட் வாங்கியபோது மட்டும் அந்தப் புத்தி வேலை செய்யவில்லை.

பெயிண்டரான என் கொழுந்தனார், அண்ணியான என்னிடம், "நம்ம ஊட்டு வேலைக்குக் கூலி எதுக்குங்க நங்கையா? பெயிண்ட் மட்டும் ஒரு லிட்டர் டப்பாவா வாங்கிக் குடுங்க. மிச்சமானாத் திருப்பிக் குடுத்தர்லாம்" என்றார். அப்படியே வாங்கிக் கொடுத்தேன். அவர் பெருமையைக் கம்பெனி முழுக்கச் சொல்லித் திரிந்தேன்.

வேலை முடிந்ததும், பிரிக்காத ஒரு டப்பாவைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். கடைக்காரர் சிரித்தார்.

"இது ஒண்ணுதான் பாக்கிங்களா? டப்பாவுக்கு ஒரு டோக்கன் உள்ளே இருக்குமுங்க, பெயிண்டருக்குன்னு. பெரிய டப்பாவுலயும் ஒண்ணுதானுங்க. உங்க கொழுந்தனார் நேத்தே டோக்கன் எல்லாத்தையும் குடுத்துக் காசு வாங்கிட்டாருங்க."

அங்கேயே நின்று நாலு லிட்டர் டப்பாவின் விலையை நாலால் வகுத்தேன். லிட்டருக்குப் பத்து ரூபாய் கூடுதலாகக் கொடுத்திருந்தேன். கொழுந்தனாரிடம் கேட்டேன்.

"கூலி வாங்கலீங்களே" என்றார், முகம் மாறாமல். என் வீட்டுக்காரரும் அதையே சொன்னார். கேட்டிருந்தால் கூலியாகவே கொடுத்திருப்பேனே!

இப்போது எதை வாங்கினாலும் லிட்டருக்கு என்ன, கிலோவுக்கு என்ன என்று வகுத்துப் பார்த்துவிட்டுத்தான் பணத்தை எடுக்கிறேன். சும்மா செய்து தருகிறேன் என்று சொந்தக்காரர் வந்தால், முதலில் கூலியைப் பேசி முடிக்கிறேன். அதுதான் மலிவாக இருக்கிறது.