கவனக்குறைவுக்கு ஒரு நற்சான்று

மனநல மருத்துவரைப் பார்க்கப் போகிறவன் பரீட்சைக்குப் படிப்பதுபோலப் படித்துவிட்டுப் போவானா? நான் போனேன். என்ன கேட்பார், என்ன சொல்லலாம் என்று நாலைந்து நாள் உட்கார்ந்து தயார் செய்து, தேய்த்த சட்டையைப் போட்டுக்கொண்டு போய், கேட்டதற்கெல்லாம் சுத்தமாகப் பதில் சொன்னேன். பி.ஏ.வைத் தவணை முறையில் முடித்தவன் நான். எனக்கு வாழ்க்கையில் நூற்றுக்கு நூறு கிடைத்தது அந்த ஒரு இடத்தில்தான். தோற்றிருக்க வேண்டிய இடமும் அதுதான்.

தொண்ணூறுகளின் பிற்பாதி. வீடு பாறசாலைக்குப் பக்கத்தில் கொல்லயிலில். வேலை நெய்யாற்றின்கரையில் ஒரு பாரலல் காலேஜில். கல்லூரியில் இடம் கிடைக்காத பிள்ளைகளுக்கு, கல்லூரியில் வேலை கிடைக்காதவர்கள் பாடம் நடத்தும் தனியார் டுடோரியலுக்கு எங்கள் பக்கத்தில் அப்படித்தான் பெயர். நான் சரித்திரம் எடுத்தேன். பிரெஞ்சுப் புரட்சியில் தொடங்கும் வகுப்பு பெரும்பாலும் நல்லமிளகு விலையில் முடியும். பிள்ளைகளுக்கு அது பிடித்திருந்தது. தேர்வுத்தாள் திருத்தியவர்களுக்குப் பிடிக்கவில்லை.

என் மனைவி ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். அங்கே கிடந்த மலையாள வார இதழ் ஒன்றிலிருந்து ஒரு பக்கத்தைக் கிழித்து வந்து, ஒருநாள் என் சோற்றுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். ஓரிடத்தில் கவனம் நிற்காத பிள்ளைகளைப் பற்றிய கட்டுரை. சிலருக்கு வளர்ந்து மீசை நரைத்த பிறகும் இது போவதில்லை, அவர்களைப் பொறுப்பில்லாதவர்கள் என்று வீட்டில் நினைத்துக்கொள்கிறார்கள் என்று கடைசிப் பத்தியில் இருந்தது. பெயர் ஏ.டி.எச்.டி. நான் பாதி வரை படித்தேன். பின்பக்கத்தில் ரப்பர் மரத்துக்கு வரும் பூசண நோயைப் பற்றிப் போட்டிருந்தார்கள். அதை முழுவதும் படித்தேன்.

அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு சொன்னாள்: "எனக்கு ஒரு காரியம் மட்டும் தெரிஞ்சா போரும். நீங்க இதெல்லாம் வேணும்ணு செய்யுததா, இல்ல ஒங்களால முடியாததா? ஒரு டாக்டரு அத எனக்குச் சொல்லட்டு. பொறவு நான் ஒண்ணும் கேக்க மாட்டேன்."

எதை மனதில் வைத்துக் கேட்டாள் என்று எனக்குத் தெரியும். அதற்குச் சில வருடங்களுக்கு முன்பு, கல்யாணமான புதிதில், அவள் கடும் காய்ச்சலில் கிடந்தாள். மாத்திரை வாங்கி வர நான் பாறசாலைக்குப் போனேன். மருந்துக் கடைக்கு முன்னால் ஒரு ஆள் ஒட்டுமாங்கன்று விற்றுக்கொண்டிருந்தான். ஒட்டு எப்படிப் போடுகிறார்கள் என்று கேட்டேன். அவன் காட்டினான். பிறகு பதியம் போடுவதையும் காட்டினான். அந்தி சாயும் நேரத்தில் கையில் ஒரு மாங்கன்றுடன் வீடு வந்து சேர்ந்தேன். பக்கத்து வீட்டில் போய் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு அவள் சுருண்டு படுத்திருந்தாள். கன்றைப் பார்த்தாள். சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அந்த மரம் இன்றைக்கும் வீட்டுக்குப் பின்னால் நிற்கிறது. நன்றாகக் காய்க்கும். அவள் அதில் ஒரு பழம் தின்று நான் பார்த்ததில்லை.

திருவனந்தபுரத்தில் ஒரு டாக்டரை அவளே விசாரித்துக் கண்டுபிடித்தாள். எஸ்.டி.டி. பூத்தில் நின்று போன் செய்து, பார்க்கும் நாளையும் அவளே குறித்து வாங்கினாள். என்னென்ன கொண்டுவர வேண்டும் என்று டாக்டர் போனிலேயே சொல்லிவிட்டார். பழைய பள்ளிக்கூட மார்க் அட்டைகள் இருந்தால் எடுத்து வரவேண்டும். இது நடுவயதில் திடீரென்று முளைக்கும் சங்கதி அல்ல என்பதால், சின்ன வயதில் என்னைப் பார்த்த ஒருவர் கூட வரவேண்டும். இப்போது கூட இருக்கிறவரும் வரவேண்டும். ஒரு சாதாரண நாள் எப்படிப் போகிறது, எங்கெங்கே தவறுகிறது என்று நானே எழுதி வரவேண்டும். தைராய்டு ரத்தப் பரிசோதனையும் செய்துவிட வேண்டும். சில நேரம் கோளாறு அங்கேயும் இருக்குமாம்.

மார்க் அட்டைகளைக் கரையான் முன்னமே பரிசீலித்து முடித்திருந்தது. ரத்தம் கொடுத்தாயிற்று. எழுத உட்கார்ந்தேன். அங்கேதான் முதல் கோளாறு. வார இதழ்களுக்கு நகைச்சுவைக் கட்டுரை எழுதிப் பழகிய கை. தொலைத்த குடைகளைப் பற்றி ஒரு பக்கம், தப்பான பஸ்ஸில் ஏறி வெள்ளறடைக்குப் போனதைப் பற்றி இரண்டு பக்கம். வீட்டுக் கடிகாரத்தை எனக்காகவே அவள் அரை மணி நேரம் முன்னால் தள்ளி வைத்திருப்பாள். நான் அதைக் கழித்துக் கணக்குப் போடக் கற்றுக்கொண்டதும், எவ்வளவு தள்ளியிருக்கிறாள் என்பதை எனக்குச் சொல்லாமல் அடிக்கடி மாற்றுவாள். அதைப் பற்றியும் எழுதினேன். மூன்று தடவை திருத்தி எழுதினேன். மாங்கன்றை மட்டும் விட்டுவிட்டேன். எப்படி எழுதிப் பார்த்தாலும் அதில் சிரிப்பு வரவில்லை.

சின்ன வயதில் என்னைப் பார்த்த ஆள் என்றால் பனச்சமூட்டில் இருக்கும் அக்காதான். அவளைக் கிளப்புவதே பெரும்பாடாகிவிட்டது. அவள் மகளுக்கு அப்போது கல்யாண ஆலோசனை நடந்துகொண்டிருந்தது.

"எலே, மண்டை டாக்டருக்க வீட்டு வாசல்ல என்ன யாராவது கண்டா, பிள்ளைக்க காரியம் அதோட தீந்துது, கேட்டியா."

"யாரு காணப்போறா அக்கா, திருவனந்தபுரத்தில?"

"காணதுக்குண்ணே நடக்குத ஆளுவ உண்டு."

கண் டாக்டரிடம் போகிறோம் என்று அவள் வீட்டில் சொல்லிவிட்டு, கறுப்புக் கண்ணாடி ஒன்றும் கடன் வாங்கிப் போட்டுக்கொண்டு வந்தாள்.

பஸ்ஸில் அவளும் என் மனைவியும் முன்னால், நான் பின்னால். நெய்யாற்றின்கரை தாண்டியதுமே அக்கா தொடங்கிவிட்டாள்.

"இவனுக்க கத ஒனக்குத் தெரியாது பிள்ளே. வெளிச்செண்ண வாங்க விட்டா குப்பி கடையில இருக்கும், இவன் ஆத்தங்கரையில இருப்பான். ஒருநாளு வேற கிளாசில போய் உச்சி நேரம் வரைக்கும் இருந்திருக்கான். சாரு பேரு விளிச்சப்போ ஆக்கும் தெரிஞ்சுது. சிலேட்டு நான் கொண்டு குடுப்பேன், செருப்பு நான் தேடுவேன். அவனுக்க பரீட்சைக்கு நான் ஆக்கும் பள்ளிக்கூடத்து வாசல்ல நின்னது."

பக்கத்து இருக்கைக்காரர்கள் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். என் மனைவியும் சிரித்தாள். வெகுநாளைக்குப் பிறகு அப்படிச் சிரித்தாள். "மைனி, இதெல்லாம் அப்படியே டாக்டரிட்ட சொல்லணும்" என்றாள். "பின்னே, சொல்லாம?" என்றாள் அக்கா.

குறித்த நேரத்துக்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டோம். கடிகாரம் அன்றைக்கு எவ்வளவு முன்னால் ஓடியதோ, அவளுக்குத்தான் தெரியும். முதலில் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்கள். டாக்டர் நடுவயதுப் பெண்மணி. மெதுவாக மலையாளத்தில் பேசினார். என் பக்கங்களைப் படித்தார். இரண்டு இடத்தில் வாய்விட்டுச் சிரித்தார். எனக்கு ஒரு வாசகர் கிடைத்துவிட்ட சந்தோஷம். அடுக்கி வைத்திருந்த ஃபைலையும் ரத்தப் பரிசோதனை முடிவையும் பார்த்துவிட்டு, "நேரத்துக்கு வந்திருக்கிறீர்கள். எல்லாம் வரிசையாக இருக்கிறது. இது எப்போதும் இப்படித்தானா?" என்று கேட்டார்.

ஃபைலை அடுக்கிய என் மனைவி வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். சட்டையைத் தேய்த்தவளும் அவள்தான். சாவியை என் அரைஞாண் கயிற்றில் கட்டி விட்டவளும் அவள்தான். நான் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்து, "பழக்கம்தான்" என்றேன்.

அந்த ஒரு சொல்லை அதற்குப் பிறகு எத்தனையோ தடவை திருப்பி எடுத்துப் பார்த்திருக்கிறேன். பொய் சொல்ல வேண்டும் என்று சொன்னதல்ல. படித்த ஒரு பெண் எதிரில் உட்கார்ந்து பாராட்டினார், வாயில் வந்துவிட்டது. ஆனால் என் மனைவி அத்தனை வருடம் பாடுபட்டதெல்லாம் அந்த இடத்தில் என் பெயருக்குப் போய்விட்டது.

அடுத்து அக்கா. கூச்சப்படுகிறாள் என்று என்னையும் உள்ளேயே இருக்கச் சொன்னார். "சின்ன வயதில் எப்படி? படிப்பில் கவனம் உண்டா?"

எங்கள் பக்கத்தில் முன்பின் தெரியாத ஒருவர் ஒரு ஆணைப் பற்றி இப்படி விசாரித்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். பெண் வீட்டார் வந்திருக்கிறார்கள். சாயாக்கடையில் கேட்டாலும், பலசரக்குக் கடையில் கேட்டாலும், கேட்கப்படுகிறவனோடு வரப்பு வழக்கில் இருக்கிறவனிடமே கேட்டாலும் பதில் ஒன்றுதான் வரும். அக்கா தன் வாழ்நாளில் அக்கம்பக்கத்துப் பையன்கள் எத்தனையோ பேருக்கு அந்தப் பதிலைச் சொல்லிக் கரையேற்றியவள். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினாள்.

"ஒரு கொறவும் சொல்லதுக்கு இல்ல டாக்டரே. தங்கம் ஆக்கும். பள்ளிக்கூடத்தில இருந்து இவனப்பத்தி ஒரு பராதி வந்ததில்ல. ஒரு சாதனம் தொலைச்சதில்ல. குடும்பத்தில யாருக்கும் நோயோ சூக்கேடோ ஒண்ணும் இல்ல."

"அக்கா, அந்த வேற கிளாசில போய் இருந்தது..." என்றேன்.

"அது இவன் இல்ல டாக்டரே. எளையப்பனுக்க மகன்."

கடைசியில் மனைவி வந்தாள். டாக்டர் அக்காவைப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "இவர் கொஞ்சம் வெளியே இருக்கட்டுமா?"

எழுந்து போகச் சொன்னால் அக்கா என்ன நினைப்பாள் என்று எனக்குத் தோன்றியது. மனைவி என்ன நினைப்பாள் என்று தோன்றவில்லை. "பரவாயில்ல டாக்டர், நம்ம ஆளுதானே" என்றேன்.

"வீட்டில் இவரால் உங்களுக்கு ஏதாவது கஷ்டம் உண்டா?"

அவள் அக்காவைப் பார்த்தாள். பிறகு என் சட்டையைப் பார்த்தாள். "கொஞ்சம் மறதி உண்டு. வேற ஒண்ணும் இல்ல டாக்டர்."

டாக்டர் என்னவோ புரிந்துகொண்டார் என்றுதான் நினைக்கிறேன். இன்றைக்குக் கேட்டதை வைத்து உண்டு என்று சொல்ல முடியாது, இல்லை என்றும் முடிக்க மாட்டேன், அடுத்த மாதம் நீங்கள் இரண்டு பேர் மட்டும் வாருங்கள் என்றார். என் பக்கங்களைத் திருப்பிக் கொடுத்து, "இதைச் சிரிப்பில்லாமல் எழுதிப் பாருங்கள்" என்றார்.

திரும்பும்போது பஸ்ஸில் அக்காதான் பேசினாள். "எப்படிச் சொன்னேன் பாத்தியா மக்கா. தங்கம் ஆக்கும்ணு சொன்னேன், ஒரு வாக்கு விட்டுக் குடுக்கல்ல." மனைவி ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் உடுப்புகூட மாற்றாமல் ஸ்டூலைப் போட்டு ஏறி, சுவர்க் கடிகாரத்தை இறக்கினாள். கைக்கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து முள்ளைத் திருப்பினாள். சரியான நேரம். திரும்ப மாட்டிவிட்டு அடுக்களைக்குப் போய்விட்டாள். அன்றிலிருந்து ஃபைல் அடுக்குவதும் இல்லை, அரைஞாணில் சாவி கட்டுவதும் இல்லை. டாக்டர் இல்லை என்று சொல்லவில்லையே என்று நான் சொல்லிப் பார்த்தேன். வேண்டுமென்றா, முடியாமலா என்று அவள் கேட்டதற்கு அந்த அறையிலேயே பதில் கிடைத்துவிட்டது. முடியாதவன் என்று ஒரு சொல் கிடைத்திருந்தால் மன்னித்திருப்பாள். அவளுக்குக் கிடைத்தது தங்கம்.

சிரிப்பில்லாமல் எழுதுவதற்கு எனக்குப் பல மாதம் ஆனது. மாங்கன்றை மட்டும் எழுதினேன். ஒரே பக்கம். அடுக்களை வாசலில் நின்று அவளிடம் நீட்டினேன். கையைத் துடைத்துக்கொண்டு வாங்கி நின்றபடியே முழுவதும் படித்தாள். மடித்துத் திருப்பித் தந்தாள்.

"டாக்டரிட்ட இன்னொருக்க போவோம். அக்கா வேண்டாம், நாம ரெண்டு பேரும் போவோம்" என்றேன்.

"நாளு நீங்களே புக் செய்யுங்க" என்றாள். "மறக்காத புக் செய்து, சொன்ன நேரத்துக்குப் போயும் சேந்துட்டா, ஒங்களுக்கு ஒரு சூக்கேடும் இல்லேண்ணு வச்சுக்கிடலாம்."