கமலாத்தாள் வாசலில் நின்ற பட்டாளம்

முதலமடையில் எங்கள் பக்கத்துத் தோப்புக்காரி கமலாத்தாள். ஐம்பத்தாறு வயது, நாலு ஏக்கர் மாந்தோப்பு, யாருக்கும் அடங்காத வாய். அவள் ஒருவரிடம் தோற்று நான் பார்த்ததில்லை. ஆனால் போன தையில் ஒரு கல் அவளை அழவைத்துவிட்டது.

கல்லை நட்டவர் வரலாற்றுக் கமிட்டித் தலைவர் பூபதிராஜா. அந்தக் காலத்தில் வெள்ளைக்காரக் கும்பினிப் பட்டாளம் இந்தப் பக்கமாகக் கோயமுத்தூருக்குப் படையெடுத்துப் போனதாம். எந்த வழியாகப் போனது என்று இங்கே ஒருத்தருக்கும் தெரியாது. முதலில் குறித்த இடம் பூபதிராஜாவின் வீட்டு வாசல்தான். அங்கே நட்டால் அவர் கார் திரும்பாது என்றதும், பட்டாளம் ஒரு ஃபர்லாங் தள்ளி, கமலாத்தாள் தோப்பு வாசல் வழியாகப் போய்விட்டது. ஆளுயரக் கல்லில் பட்டாளத்துக்கு இரண்டு வரி, பூபதிராஜாவுக்கு ஐந்து வரி.

அதற்குப் பிறகு மாங்காய் லாரி தோப்புக்குள் நுழைய முடியவில்லை. பெட்டிகளைத் தலைச்சுமையாக ரோட்டுக்குக் கொண்டுவருவதற்குள் பொழுது சாய்ந்தது. வியாபாரி முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்: "வெள்ளிக்கிழமைக்குள்ள வண்டி உள்ள வரோணுமுங்க. இல்லீன்னா நான் வேற தோப்புப் பாத்துக்கறனுங்க." அவளுக்கு வருஷத்துச் சோறே அந்தக் காய்தான்.

கமலாத்தாள் பூபதிராஜாவிடம் போனாள். "ஏனுங்க தம்பி, பட்டாளமே நிக்காமப் போயிருச்சு. கல்லு மட்டும் எதுக்குங்க எந்தோப்பு வாசல்ல நிக்கோணும்?"

"அது சரித்திரமுங்கக்கா. நகத்தறதுக்கு எனக்கே அதிகாரமில்லீங்க."

கேட்டுக்கொண்டிருந்த எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கார் திரும்பாதபோது மட்டும் சரித்திரம் நகர்ந்ததே!

இந்த லட்சணத்தில், காய் தரம் பிரிக்க வந்த வேலுத்தாய், வேப்பமரத்தடியில் கிழக்குப் பார்த்து நின்ற கல்லைக் காவல் சாமி என்று நினைத்து, மஞ்சள் பூசிப் பொட்டு வைத்துவிட்டாள். மறுநாள் எலுமிச்சம்பழம் வந்தது. மூன்றாம் நாள் ஊரே கும்பிட்டது. தன் பெயருக்குக் கற்பூரம் காட்டுவதைப் பார்த்துப் பூபதிராஜாவுக்குத் தலைகால் புரியவில்லை.

"இனி அது சாமிங்கக்கா. ஆராலயும் அசைக்க முடியாது" என்றார்.

அன்றுதான் அவள் அழுதாள். அழுது முடித்து, மூக்கைச் சிந்திவிட்டு, "சாமின்னா சாமிகிட்டயே பூக் கேட்டுரலாமுங்க" என்றாள்.

வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டிச் சாமி முன்னால் போட்டு, ஒன்றை எடுத்துப் பிரிப்பது எங்கள் வழக்கம். வெள்ளை வந்தால் சம்மதம். சிவப்பு வந்தால் இல்லை. அதற்கு மேல் ஒருவரும் வாய் திறக்கக்கூடாது. வியாழக்கிழமை காலை ஊர் கூடியது. பொட்டலம் எடுக்கும் மரியாதையைக் கமலாத்தாள் பூபதிராஜாவுக்கே கொடுத்தாள். மனுஷர் பூரித்துப் போனார்.

"சாமி, எடம் மாறிக்கறயா?" என்று கேட்டாள் கமலாத்தாள்.

வெள்ளை.

"எங்க போற? தலைவரூட்டு வாசலுக்கா?"

புதுப் பொட்டலங்கள் வைத்தோம். அவர் ஒன்றை எடுத்துப் பிரித்தார். மறுபடியும் வெள்ளை.

பொட்டலம் கட்டியது நான்தான். எல்லாவற்றிலும் வெள்ளை அரளியையே வைத்திருந்தேன்.

வெள்ளிக்கிழமை லாரி தோப்புக்குள் போனது. அடுத்த வாரம் பூபதிராஜா வெயிலில் நடந்தே வந்து சேர்ந்தார்.

"அக்கா, காரை வெளியெடுக்க முடியலீங்க. இன்னொருக்காப் பூக் கேட்டுப் பாக்கலாங்களா?"

"தாராளமாக் கேக்கலாமுங்க தம்பி" என்றாள் கமலாத்தாள். "ஆனா இப்ப எந்தோப்புல செவப்பு அரளி மட்டுந்தான் பூத்திருக்குது."