பதில் சொல்லாத சாட்சி

ஆர்லீத்தாவுக்குப் பொறுமை என்பது மருந்துக்கும் கிடையாது. பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவளுக்கு அது இல்லாமல் எப்படி என்று கேட்டால், "இருக்கிறதெல்லாம் பிள்ளைங்ககிட்டயே தீர்ந்துபோயிடுது, உனக்கு எங்கே மிச்சம்?" என்பாள். நான் டெல்ஃபின், அதே பள்ளியின் சமையற்கூடத்தில் வேலை பார்த்தவள். அவளுக்கு என்னைவிட நெருங்கிய சிநேகிதி இல்லை. அவளிடம் என்னைவிட அதிகமாக வாங்கிக்கட்டிக்கொண்டவளும் இல்லை.

அந்த வருஷம் அவள் பிள்ளைகளிடம்கூடக் கத்தினாள். காரணம் இருந்தது. எங்கள் கவுண்டியின், அதாவது மாவட்டத்தின், தென்கோடியில் அவள் பிறந்து வளர்ந்த நிலத்தில், பைன் மரங்களுக்கெல்லாம் ஒரு மரக் கம்பெனியின் ஆட்கள் வெட்டுவதற்கு அடையாளமாக இளஞ்சிவப்பு நாடா கட்டிவிட்டுப் போயிருந்தார்கள். காலையில் பேருந்தை எடுக்கும் முன் அவள் அவற்றை அறுத்துப்போடுவாள். மறுநாள் புதிது தொங்கும்.

நிலம் ஆமோஸ் காடிஸ் பெயரில் இருந்தது. உயில் எழுதாமல் போய்ச் சேர்ந்தவர். எங்கள் கறுப்பு ஆட்களில் யார்தான் எழுதினார்கள்? கோர்ட் வாசலை மிதித்தாலே நிலம் வெள்ளைக்காரன் கைக்குப் போய்விடும் என்று பயந்த காலம் அது. எழுதாமல் விட்டதால்தான் பலருக்குப் பிற்காலத்தில் நிலம் போயிற்று, அது வேறு கதை. ஆமோஸின் இரண்டாம் தாரத்துப் பிள்ளைகள் எல்லோரும் தங்கள் பங்கைக் கம்பெனிக்கு விற்றுவிட்டார்கள். மிஞ்சியது ஆர்லீத்தா ஒருத்தி. அவள் தாயைப் பெற்ற டாமரிஸ், ஆமோஸின் மூத்த தாரத்து மகள்.

கம்பெனி வக்கீல் கைவைத்தது அங்கேதான். டாமரிஸ் ஆமோஸுக்குப் பிறந்தவளே இல்லை, யாரோ பெற்ற பிள்ளை, ஆகவே ஆர்லீத்தாவுக்கு அங்கே ஒரு செடிகூடச் சொந்தமில்லை என்றார். அப்படி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது ஆமோஸின் கடைசி மகள் ஓசெல்லா. ஊருக்கே அவர் அத்தை. எங்கள் தேவாலயத்தில் முன்வரிசை அவருக்கு. ஆமோஸ்தான் அந்தத் தேவாலயத்தைக் கட்டியவர், அதன் முதல் மூப்பர்.

'உறவை நிரூபி, இல்லாவிட்டால் வீட்டைக் காலி செய்' என்று நீதிபதி ஈஸ்டர் கழியும்வரை தவணை கொடுத்தார். டாமரிஸ் பிறந்தபோது எங்கள் பிள்ளைகளுக்குப் பிறப்புச் சான்று எழுதிவைக்க யாரும் மெனக்கெடவில்லை. ஆகவே பிள்ளைகளை இறக்கிவிட்ட கையோடு கவுண்டி கோர்ட்டின் நிலவறைக்குப் போவோம். ஆமோஸின் மூத்த தாரம் லவீனியா காய்ச்சலில் செத்தாள் என்பது குடும்பக் கதை. எனவே செத்தவர்களின் சொத்து ஆவணக் கட்டுகளையும், அநாதைப் பிள்ளைகளுக்குக் காப்பாளர் நியமித்த கட்டுகளையும் புரட்டினோம். தூசியில் தும்மியதுதான் மிச்சம்.

நிலவறையைப் பார்த்துக்கொண்ட ட்ரூடி அம்மா ஒருநாள் எங்களையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டார்.

"விவாகரத்துக் கட்டுல பாத்தீங்களா?"

"எங்க குடும்பத்துல அந்த வழக்கம் இல்லீங்க" என்றாள் ஆர்லீத்தா. பேருந்தின் பின்சீட்டில் சண்டை போடுகிறவர்களிடம் பேசும் குரல் அது.

"மூப்பர் வீடா?"

"ஆமா. அதுக்கென்ன?"

"மனைவிய விலக்கினவன் மூப்பராக முடியாதே, கண்ணு. அதனால பொண்டாட்டி செத்துட்டான்னு இவன் சொல்வான். புருஷன் செத்துட்டான்னு அவ வெளியூர்ல போய்ச் சொல்வா. விதவைன்னு எழுதிக்கிட்ட பாதிப் பேரு அந்தத் தகர அலமாரியிலதான் இருக்காங்க. அவ பேர்ல தேடு, அவன் பேர்ல தேடாத."

எனக்குச் சுருக்கென்றது. வாயைத் திறக்கப் போன என் காலை ஆர்லீத்தா மிதித்துவிட்டு அலமாரிக்குப் போனாள்.

லவீனியா இருந்தாள். 1919. நூல் கட்டிய, யாரும் அவிழ்க்காத கட்டு. அவள் மனு: கணவன் குதிரைவாரால் அடிக்கிறான், விலக்கு வேண்டும், எங்களுக்கு ஆறு வயதில் ஒரு மகள், பெயர் டாமரிஸ். ஆர்லீத்தா என் தோளைப் பிடித்த பிடியில் மறுநாளும் வலி இருந்தது. அடுத்த தாளை நான்தான் படித்தேன். படிக்காமலே இருந்திருக்கலாம். ஆமோஸின் பதில்: அந்தப் பிள்ளை எனக்குப் பிறந்ததல்ல.

அதற்குமேல் கட்டில் ஒன்றும் இல்லை.

"இத இப்படியே கட்டி உள்ள வச்சிடு" என்றேன். "கம்பெனிக்காரன் கண்ணுல பட்டா நீ தொலைஞ்ச."

"அவனுக்கும் அலமாரி தெரியும்டி."

"தேட மாட்டான். உன்னை மாதிரி அவனும் லவீனியா காய்ச்சல்ல செத்துட்டாள்னுதான் நெனைக்கிறான்."

"முதல் தாள மட்டும் காட்டி ஜெயிக்கச் சொல்றியா? பொய்ச் சத்தியம் பண்ணிட்டு அந்த வீட்ல எனக்குத் தூக்கம் வருமா?"

எனக்கு வந்திருக்கும். அவளுக்கு வராது. கட்டின் மேலுறையில் ஒரு வரி இருந்தது, ட்ரூடி அம்மா அதைக் காட்டினார்: மேல்முறையீடு. வழக்கு மேலே போனால் கவுண்டி எழுத்தர் எல்லாத் தாள்களையும் நகலெடுத்து மாநிலக் கோர்ட்டுக்கு அனுப்புவார். இங்கே தொலைந்தது அங்கே இருக்கலாம். தலைநகரின் ஆவணக் காப்பகத்துக்குப் போனால் கிடைக்கலாம்.

எங்கள் ஊரில் செய்தி எங்களுக்கு முன்னால் போய்விடும். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து தேவாலய வாசலில் ஓசெல்லா அத்தை வழிமறித்தார்.

"எங்க அப்பா எலும்பத் தோண்டப் போறியாமே?"

"நீங்க என் வீட்டத் தோண்டுறீங்க அத்தை."

"வீடு வேற கட்டிக்கலாம். அவர் பேரக் கட்ட முடியுமா? அந்த டாமரிஸுக்கு நிலத்தோட ஓரத்துல குடிசை போட இடம் விட்டதே அவர் தர்மம்."

"தர்மம் பண்றவர் குதிரைவாரத் தூக்க மாட்டார்" என்றாள் ஆர்லீத்தா. நானே அவளைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன்.

தலைநகர் மாண்ட்கோமரிக்குப் போனோம். காப்பகத்தில் பென்சிலைத் தவிர எதையும் உள்ளே விடவில்லை. பெட்டி வந்தது. தட்டச்சு செய்த தாள்கள், வாக்குமூலம் முழுவதும். லவீனியாவின் வக்கீல் ஆமோஸைக் கேட்கிறார்.

'பிள்ளைக்குப் பெயர் வைத்தது யார்?' 'நான்.' 'யார் பெயர்?' 'என் தாயின் பெயர்.' 'இன்னொருவன் பிள்ளைக்கு உன் தாயின் பெயரை வைப்பாயா?'

கீழே எழுத்தர் தட்டியிருந்தார்: சாட்சி பதில் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு இருவரும் சமரசமாகி மேல்முறையீட்டைக் கைவிட்டிருந்தார்கள். கவுண்டி கோர்ட் கொடுத்த விலக்கு அப்படியே நிலைத்தது. பிள்ளை யாருடையது என்று எந்த நீதிபதியும் எழுதவில்லை. அவ்வளவு தூரம் போய்க் கையில் கிடைத்தது ஒரு மௌனம்தான்.

விசாரணை அன்று தேவாலயத்து ஆட்களில் பாதிப் பேர் கோர்ட்டில் இருந்தார்கள், யாரும் ஆர்லீத்தா பக்கத்து பெஞ்சில் உட்காரவில்லை. நான் மட்டும் உட்கார்ந்தேன். அவளுடைய இலவசச் சட்ட உதவி வக்கீல், சின்னப் பெண், எல்லாத் தாளையும் வாசித்தாள். குதிரைவார் வந்தபோது பின்னால் யாரோ "ஆண்டவரே" என்றார்கள். கம்பெனி வக்கீல் எழுந்து, 'ஆமோஸே மறுத்திருக்கிறார், போதுமே' என்றார். நீதிபதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"பேசாம இருந்தா ஒத்துக்கிட்டதா எடுத்துக்க முடியாதும்மா. வேற ஏதாச்சும் இருக்கா?"

வேறொன்றும் இல்லை. சாட்சிக் கூண்டில் ஓசெல்லா அத்தை உட்கார்ந்திருந்தார், தன் கையெழுத்தை உறுதிசெய்ய வந்தவர். எங்கள் வக்கீல் போகிற போக்கில் கேட்பதுபோல் அவரைக் கேட்டாள்.

"உங்க அப்பாவோட அம்மா பேரு என்னம்மா?"

"டாமரிஸ்."

"நீங்க அஞ்சு பேரு பொண்ணுங்க. ஒருத்திக்குக்கூட அந்தப் பேர வைக்கலியே, ஏன்?"

கம்பெனி வக்கீல் ஆட்சேபித்தார். குடும்ப உறவைப் பற்றிக் குடும்பத்தார் கேள்விப்பட்டதைச் சொல்லலாம் என்றார் நீதிபதி. அத்தை கைப்பையின் பூட்டைத் திறந்து மூடிக்கொண்டே இருந்தார். தெரியாது என்ற ஒரு சொல் போதும், எல்லாம் முடிந்துவிடும். சொல்லப்போகிறார் என்றே நினைத்தேன். மனசுக்குள் அவரைத் திட்டத் தொடங்கியும்விட்டேன்.

"நான் பொறந்தப்ப எங்க அம்மா கேட்டாளாம், இவளுக்காவது உங்க அம்மா பேர வைங்களேன்னு."

"அப்பா என்ன சொன்னாராம்?"

அத்தை தேவாலயத்து ஆட்களைப் பார்த்தார். பிறகு கீழே குனிந்து சொன்னார்.

"அந்தப் பேர்ல எனக்கு ஒரு மக இருக்கான்னு சொன்னாராம்."

டாமரிஸ் ஆமோஸின் மகள்தான் என்று நீதிபதி எழுதத் தொடங்கினார். ஆர்லீத்தா அழுததை நான் முதல்முறையாகப் பார்த்தேன். சிறு பிள்ளைபோல, சத்தமாக.

கூண்டிலிருந்து இறங்க அத்தை கைப்பிடியைத் தேடினார். ஆர்லீத்தாதான் எழுந்து போய்க் கை கொடுத்தாள். அத்தை அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"கெழங்கு பிடுங்குற நாள்ல டாமரிஸ் உதவிக்கு வருவா. பின்வாசல்லதான் சாப்பாடு குடுப்போம்" என்றார். "நான்தான் தட்ட நீட்டுவேன். அக்கான்னு ஒரு தடவ கூப்பிட்டிருந்தா என்னடி கொறஞ்சிருக்கும்?"

ஆர்லீத்தா அத்தையைக் கைத்தாங்கலாக வெளியே கூட்டிப்போனாள்.