வேலை தொடங்கிய தேதி

குழந்தை பார்க்கும் பெண்களைப் பற்றிப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்கிறேன் என்று சொன்னால் உறவுக்காரர்கள் சிரிப்பார்கள். அதில் ஆராய என்ன இருக்கிறது என்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அதுவும் ஒரு வேலைதான் என்று மணிக்கணக்கில் வாதாடுவேன். அப்படிப்பட்ட நானே அந்தத் தப்பைச் செய்தேன்.

வானகரத்தில் அடுக்குமாடிகளுக்குப் பின்னால், ஒற்றை அறை வீட்டில் ஒரு அக்கா இருந்தார். ஐடி கம்பெனிக்குப் போகிறவர்கள் காலையில் பிள்ளைகளை அவரிடம் விட்டுவிட்டுப் போவார்கள். முதல் நாள், "என்ன வேலை பண்றீங்க?" என்று கேட்டேன். இடுப்பில் ஒரு பிள்ளை, காலைக் கட்டிக்கொண்டு இன்னொன்று, மூன்றாவதற்கு இட்லி ஊட்டிக்கொண்டிருந்தார்.

"வேலைக்கெல்லாம் போவல மேடம். ஊட்ல சும்மாதான் கீறேன்" என்றார்.

நானும் என் பாட்டுக்கு டேப்லெட்டில் 'வேலை இல்லை' என்பதைத் தட்டிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன்.

எங்கள் ஆராய்ச்சியின் நிதிக் கணக்கு முழுவதும் ஒரு இணையப் போர்ட்டல் வழியாகத்தான் நடக்கிறது. ஆய்வில் பங்கெடுப்பவர்களின் விவரமும் அதற்குள்தான். அவர்களுக்கான அனுபவச் சான்று அதிலிருந்துதான் அச்சாகும். அக்காவுக்கு அது அவசரமாகத் தேவைப்பட்டது. அம்பத்தூரில் ஒரு தொழிற்சாலையின் குழந்தைகள் காப்பகத்துக்கு ஆள் எடுத்தார்கள். வெள்ளிக்கிழமை நேர்காணல், அனுபவத்துக்குக் காகிதம் கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். போர்ட்டலோ, வேலை இல்லாதவருக்கு அனுபவம் ஏது என்று சான்றை நிறுத்திவைத்துவிட்டது.

வியாழக்கிழமை மதியம் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். தப்பு என்மேல்தான் என்று சொன்னபோது முகத்தைப் பார்க்கக் கூச்சமாக இருந்தது.

"நான் சொன்னதத்தான எழுதினீங்க. உடுங்க மேடம்" என்றார்.

தொழிலைத் திருத்தினேன். போர்ட்டல் அடுத்து, வேலை தொடங்கிய தேதியைக் கேட்டது.

"எப்போலேர்ந்து புள்ளைங்கள பாத்துக்கிறீங்கக்கா?"

"எனக்கு ஒம்போது வயசு இருக்கும், தம்பி பொறந்தான். அம்மா சித்தாள் வேலைக்குப் போவணும். என்னிய ஸ்கூல்லேர்ந்து நிறுத்திட்டாங்க. நான்தான் அவன தூக்கிகினு கெடந்தேன்."

அந்த வருடத்தைப் போட்டேன். பதினெட்டு வயதுக்கு முன் செய்த பணி ஏற்கப்படாது என்று சிவப்பில் வந்தது. சட்டப்படி சரிதான், சின்னப் பிள்ளையை வேலைக்கு வைக்கக் கூடாது. ஆனால் வைத்தாயிற்றே, அதை எங்கே எழுதுவது? லேப்டாப்பைப் படாரென்று மூடிவிடலாமா என்று எரிச்சலாக வந்தது. மறுநாள் நேர்காணல் இருந்ததால் பல்லைக் கடித்துக்கொண்டு அவருடைய பதினெட்டாவது பிறந்தநாளைப் போட்டேன். உடனே ஏற்றுக்கொண்டது.

அந்தக் காகிதத்தோடு போய் வேலையையும் வாங்கிவிட்டார். அவ்வளவு சந்தோஷமாக இருந்தது எனக்கு. ஆனாலும் வியாழக்கிழமை அந்தச் சான்றை நான் படித்துக் காட்டியபோது அவர் கேட்டது மனதை விட்டுப் போகவில்லை.

"அப்போ தம்பிய வளத்தது இதுல வராதா?"

"வராதுக்கா."

தூளியை இன்னொரு முறை ஆட்டிவிட்டார்.

"போவட்டும் மேடம். அவனுக்கே அது ஞாபகம் இல்ல."